சாமிக்கு ஒரு அருவா

மதுரை கீழமாரட் வீதிக்குள் ஒரு குட்டியானை லோடு வண்டி பின்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. திருப்ப இடமில்லாமல் அல்ல. பின்தட்டில் நின்றிருந்தவர், தன் கையில் இருக்கும் பொருள் கடையைப் பார்த்தபடிதான் வரவேண்டும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டாராம்.

அந்தப் பொருள் ஓர் அரிவாள். பிடித்திருந்த ஆளைவிட உயரம். நுனியில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. பிடியில் மஞ்சள் துணி. வளைவுக்குக் கீழே இரண்டு மணிகள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் மணி அடித்தது.

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு ஒதுங்கினார்கள். எதிரே பாத்திரக் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிளில் குறுக்கே வந்த ஒருவன், ஆரனை அமுக்கப் போன விரலை எடுத்துவிட்டான். அந்த வீதியில் ஆரன் அடிக்காமல் ஒரு வண்டி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

குட்டியானை எங்கள் கடை வாசலில் நின்றது.

கடை முதலாளி காதர் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பாண்டி, இது நம்ம கடைக்கா?"

"தெரியலயே பாய்."

"தெரியலயா? அதுல உன் பேருல்ல போட்டிருக்கு."

எட்டிப் பார்த்தேன். தகட்டின் நடுவில், உளியால் அழகாக வெட்டியிருந்தது: உபயம் செல்லப்பாண்டி.

கேரளம் காத்திருக்கட்டும்

இந்தத் தொடரில் போன வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்ததோடு நிறுத்தியிருந்தேன். வரிசைப்படி பார்த்தால் இந்த வாரம் கேரளத்தில் ரப்பர் வெட்ட வேண்டும். ஆனால் தொடரைப் படிக்கும் ஒருவர், "வீட்டில் தோட்டம் போடப் போகிறேன். கருவி விற்கும் கடையில் இருந்ததாக முன்பு எழுதினீர்கள். என்னென்ன வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறார். என்னிடம் இதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை. கேரளம் காத்திருக்கட்டும்.

காதர் பாய் கடைக்கு நான் வேலை கேட்டுப் போகவில்லை. மழைக்கு ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்தில் ஒரு லாரி வந்து நின்றது. மம்பட்டி இறக்க ஆள் குறைந்தது. நான் கை கொடுத்தேன். மழை விட்ட பிறகும் இறக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பாய் கூப்பிட்டார்.

"எட்டாவது வரைக்குமாச்சும் படிச்சிருக்கியா?"

"எட்டாவதுல பாதி வரைக்கும் பாய்."

"எந்தப் பாதி?"

"முன்பாதி."

"போதும். பின்பாதியில உள்ளது நம்ம கடையில ஓடாது" என்றார். அதுதான் என் நேர்முகத் தேர்வு.

வேலை கிடைத்தது. படுக்க இடம் பக்கத்துச் சிமென்ட் குடோனில். குடோன்காரர் நல்ல மனுஷன். அடுக்குகளுக்கு நடுவே ஓர் ஆள் படுக்கும் அகலம் விட்டு அடுக்கச் சொல்லியிருந்தார். லோடு அதிகம் வந்தால் அந்த அகலம் குறையும். ஒருக்களித்துப் படுப்பேன். மழை வந்தால் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போர்த்துவார்கள். நியாயம்தான். சிமென்ட் நனைந்தால் கல்லாகிவிடும். ஆள் நனைந்தால் காய்ந்துவிடுவான்.

ஆனால் இருமல் பிடித்துக்கொண்டது. காலையில் துப்பினால் சாம்பல் நிறத்தில் வந்தது. குடோனை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டப்போவதாகவும் பேச்சு அடிபட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் வேறு இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. அங்கே படுத்தவர்களுக்குத் தெரியும், படுக்கை பிரச்சினையில்லை, எழுப்புகிறவர்கள்தான் பிரச்சினை.

கடைக்கு மேலே ஓர் அறை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல், ஓடாத ஒரு ஃபேன். உள்ளே விலைபோகாத சரக்கு கொஞ்சம் கிடந்தது. அதன் சாவி பாயின் பச்சை பெல்ட்டில் தொங்கும். அவர் நடந்தால் அது அசையும். நான் அதைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவரும் பார்ப்பார்.

கேட்டும் பார்த்தேன். "பாக்கலாம்ப்பா" என்றார். மதுரையில் ஒரு வியாபாரி 'முடியாது' என்று சொன்னால் மறுபடி போய்க் கேட்கலாம். 'பாக்கலாம்' என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை.

எட்டுப் பைக்கு ஒரு முள்வாரி

ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் மொட்டை மாடிக்கு ஏறியவர்களில் பாதிப் பேர் பிறகு இறங்கவே இல்லை. அங்கேயே தக்காளி போட்டுவிட்டார்கள். அதனால் எங்கள் கடைக்குப் புதுவிதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அதுவரை வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். மம்பட்டியைத் தூக்குவார்கள், ஒரு தட்டுத் தட்டி ஓசையைக் கேட்பார்கள், வைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அதையே தூக்குவார்கள். புதிதாக வந்தவர்கள் எதையும் தூக்கவில்லை. போனை நீட்டினார்கள். போனில் ஒரு வெள்ளைக்கார அம்மா பூப்போட்ட கையுறை மாட்டிக்கொண்டு, புல்லின் மேல் முட்டி போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்.

"இந்த மூணு விரல் வச்ச முள்வாரி இருக்கா தம்பி?"

"இருக்கு சார். எம்புட்டு எடம்?"

"எட்டுப் பை."

பை என்றால் தென்னைநார்த் தூள் நிரப்பிச் செடி வைக்கிற பை. அதற்குள் முள்வாரியை விட்டு ஓர் இழுப்பு இழுத்தால் செடி, வேர், பை மூன்றும் கையோடு வந்துவிடும். சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் அதற்குள் அதைக் கையில் பிடித்துத் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். விற்றுவிட்டேன்.

பெட்டியில் அடைத்த 'கிட்' வேறு வந்தது. உள்ளே பச்சைப் பிடி போட்ட பலவகைச் சாமான்கள். அவற்றில் பாதி எதற்கென்று எனக்குத் தெரியாது. பாய்க்கும் தெரியாது. ஒரு பெட்டியை வாங்கிப் போன வீட்டில் அதிலுள்ள ஒன்றைக்கொண்டு தோசை திருப்புவதாகக் கேள்வி. நன்றாகத் திரும்புகிறதாம்.

கொடைக்கானலில் ஒரு பங்களாவில் கொஞ்ச காலம் தோட்ட வேலை பார்த்தது நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டு ஐயாவுக்குக் கருவிகள் என்றால் உயிர். தனி அறை கட்டி, சுவரில் ஒவ்வொன்றின் உருவத்தையும் கறுப்பு மையால் வரைந்து, அந்தந்த உருவத்தின் மேல் அந்தந்தக் கருவியை மாட்டியிருந்தார். எடுத்தால் சுவரில் வெற்று உருவம் தெரியும். அது அவருக்குப் பொறுக்காது. அதனால் எதையும் எடுக்க விடமாட்டார். நான் கையாலேயே களை பிடுங்கினேன். என் கைக்குச் சுவரில் படம் இல்லை.

சரி, கேட்டவருக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். முதலில், நின்று வேலை பார்ப்பீர்களா, உட்கார்ந்து பார்ப்பீர்களா என்று முடிவு செய்யுங்கள். பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் கேள்வி இதுதான். பிடியின் நீளம் அதைப் பொறுத்தது. கடையிலேயே குந்தி உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரன் சிரித்தால் சிரிக்கட்டும்.

பைத் தோட்டத்துக்கு மண் கிளறும் கைக்கரண்டி ஒன்று போதும். கரண்டியும் கழுத்தும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். தகட்டில் ஆணி அடித்துச் சேர்த்தது, காய்ந்த செம்மண்ணில் ஒரு குத்துக் குத்தினால் தலை குனிந்துவிடும். தரையில் கொஞ்சம் இடமிருந்தால் ஒரு களைக்கொத்தி. கிளை கழிக்கிற கத்தரியில் இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போவதாகப் பார்த்து வாங்குங்கள். ஓர் அலகு போய் இன்னொன்றின் மேல் உட்காருகிற வகை, பச்சைக் காம்பை வெட்டாது, நசுக்கும்.

பூவாளியைத் தூக்கிப் பார்க்கும்போது எல்லோரும் காலியாகத்தான் தூக்குகிறார்கள். மாடிப்படி ஏறும்போது அது காலியாக இருக்காது.

முள்வாரி வேண்டாம். முதுகு சொறிய வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாமி சார்

ஐயர் பங்களா பகுதியில் சாமிநாதன் என்று ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர். எல்லோருக்கும் சாமி சார். ஆள் நல்ல உயரம். முட்டி வலியால் தோட்ட வேலையை இப்போது உட்கார்ந்துதான் பார்க்கிறார். வீட்டைச் சுற்றி வாழை, முருங்கை, வேலிக்குப் போட்ட காகிதப்பூ, மாடியில் பைகள் என்று வகைக்கு ஒன்றாக வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் தோட்டக்காரர்கள் குரூப் ஒன்றுக்கு அவர்தான் தலைவர். அந்தக் குரூப்பில் காலையில் ஒருவர் கத்தரிப்பூ படம் போட்டால் ராத்திரி வரை மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர் ஒருநாள் கடைக்கு வந்தார். குரூப்பில் எல்லோருக்கும் சேர்த்து மொத்தமாகக் கருவி வாங்கப் போவதாகவும், கடையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். முதலில் தனக்கு ஓர் அரிவாள் வேண்டும். அது திருப்தியாக அமைந்தால் மொத்த ஆர்டரும் இங்கேதான்.

மாட்டியிருந்த அரிவாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் இடது கையால் வாங்கி, வீசிப் பார்த்து, வைத்துவிட்டார்.

"இதெல்லாம் வலது கைக்காரங்களுக்குப்பா. வாய் ஒரு பக்கமாத் தீட்டியிருக்கு பாரு. வலது கையால வெட்டுனா உள்ள எறங்கும். நான் வெட்டுனா வழுக்கி என் கால் பக்கம் வரும்."

பாய் வாங்கிப் பார்த்தார். சாமி சார் சொன்னது சரி. இத்தனை வருஷமாக இரும்பு விற்கிற பாய்க்கு அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

"இது இப்ப வந்த வருத்தம் இல்ல, பொறந்ததுலருந்து" என்றார் சாமி சார். "எடது கைக்குத் தனியா அடிச்சு வாங்கித் தர முடியுமா?"

"முடியும் சார். வெள்ளிக்கெழம வாங்க" என்றார் பாய். அவர் போனதும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பாண்டி, அந்தாளு குரூப்பு நம்ம கடைக்கு வந்துருச்சுன்னா மேல் ரூம் ஒனக்கு. அருவாவுக்கு நீயே ஆர்டர் சொல்லு. நீயே நின்னு வாங்கு. எதுனாச்சும் கோளாறு ஆச்சு, இந்தச் சாவி மறுபடி இங்கதான்."

பெல்ட்டைத் தட்டிக் காட்டினார்.

நின்ன சாமியா, உக்காந்த சாமியா

அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வீரணன் பட்டறை. எங்கள் கடைக்கு அரிவாள் அடிப்பவர் அவர்தான். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. போன் போட்டேன். அந்தப் பக்கம் சம்மட்டிச் சத்தம், காற்றடிக்கிற மோட்டார் சத்தம்.

"அண்ணே, பாய் கடைலருந்து பாண்டி பேசுறேன். சாமிக்கு ஒரு அருவா அடிக்கணும்."

சம்மட்டி நின்றது. வீரணனின் குரல் பணிந்தது.

"சாமிக்கா? சொல்லுப்பா. எந்த ஊரு சாமி?"

"ஐயர் பங்களாண்ணே. பெரிய எடம். கொறையில்லாம அடிக்கணும்."

"சாமி காரியத்துல நான் கொற வைப்பனா? நின்ன சாமியா, உக்காந்த சாமியா?"

பாய் சொல்லிக்கொடுத்த அதே கேள்வி. தொழில் தெரிந்த ஆள் என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"முன்ன நின்னுக்கிட்டுத்தாண்ணே இருந்தாரு. இப்ப முட்டி வலி. உக்காந்துட்டாரு."

வீரணன் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"குறி கேட்டியாப்பா?"

மோட்டார் சத்தத்தில் அது 'சரியாக் கேட்டியா' என்று விழுந்தது. "கேட்டேண்ணே, அவரே நேர்ல வந்து சொன்னாரு" என்றேன்.

"ஆத்தி!" என்றார் வீரணன். "எந்தக் கையில புடிக்கிறாரு?"

"எடது கை. அதாண்ணே முக்கியம். மாத்திறாதீங்க."

"எம்புட்டு ஒசரம்?"

"நல்ல ஒசரம். வாசல்ல குனிஞ்சுதான் வருவாரு."

"உக்காந்தும் அம்புட்டு ஒசரமா! சரிப்பா, அளவு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேரு?"

"செல்லப்பாண்டி."

"வெள்ளிக்கெழம நானே கொண்டாரேன். அதுவரைக்கும் நீ சுத்தபத்தமா இரு."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சிமென்ட் குடோனில் படுக்கிறவன் என்பது போனில் கூடவா தெரிந்துவிடும்? இருந்தாலும் பெரியவர் சொல்கிறார் என்று அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை குளித்தேன்.

பைப்புக்கு முன்னால் கருப்பன்

வெள்ளிக்கிழமை என்ன வந்தது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். வேண்டுதல் நிறைவேறினால் கருப்பன் கோயிலில் நட்டு வைப்பார்களே, அந்த அரிவாள். வாய் தீட்டாதது. அதைக் கொண்டு ஒரு வாழை இலைகூட அறுக்க முடியாது.

"பூசாரி எங்கப்பா?" என்று கேட்டபடி வீரணன் இறங்கினார். பட்டறை வெக்கையில் கறுத்த ஒல்லியான ஆள். மேல்சட்டை இல்லை. நெற்றி நிறைய விபூதி.

நடந்ததை விளக்கினேன். சாமி என்பது சாமிநாதன் என்றேன். முட்டி வலி அவருக்கு என்றேன். வீரணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது ஒன் பாடு. நான் வெரதம் இருந்து அடிச்சிருக்கேன்" என்றார்.

"திருப்பிக் கொண்டு போயிருங்களேண்ணே" என்றேன்.

"என்னப்பா பேசுற? பட்டறைய விட்டு வெளிய வந்தா கோயிலுக்குத்தான் போகணும். படுக்க வைக்கக் கூடாது. செருப்புக் காலோட கிட்டப் போகக் கூடாது. கவுச்சி ஆகாது." இவ்வளவையும் சொல்லிவிட்டு, அரிவாளைக் கடைக்குள் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

நிறுத்துகிற அளவுக்கு உயரம் கடையில் ஒரே இடத்தில்தான் இருந்தது. பிளாஸ்டிக் பைப்புகள் அடுக்கியிருந்த அடுக்குக்கு முன்னால்.

நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முதலில் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார்.

"நீங்க ஏன் பாய்?"

"எங்க தர்காவுக்கு நீங்கள்லாம் வெறுங்காலோடதானப்பா வர்றீங்க?" என்றவர், வீட்டிலிருந்து வந்த மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கடைக்குச் சாப்பிடப் போனார். போகும்போது, "எனக்கு வாரத்துல ஒருநாள்தான் பிரியாணி. அதையும் பாத்திரக் கடையில உக்காந்து திங்க வச்சுட்ட" என்றார்.

சாயங்காலம் சாமி சார் வந்தார். அரிவாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தனக்கு இந்த விஷயங்களில் நம்பிக்கை கிடையாது என்று அடிக்கடி சொல்கிறவர். அன்றைக்கும் சொன்னார். சொல்லும்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டது வாழைக்குப்பா."

"தெரியும் சார்."

அவர் ஒரு படம் எடுத்துக் குரூப்பில் போட்டார். சற்று நேரத்தில் கை கூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் டெலிவரி உண்டா என்று கேட்டார். இன்னொருவர், இதை மாடியில் வைத்தால் குரங்கு வராதா என்று கேட்டார். சாமி சார் அதற்கெல்லாம் பதில் போடாமல் என்னைப் பார்த்தார்.

"ஒரு அருவாவே இப்படின்னா, மொத்த ஆர்டரையும் எப்படிப்பா குடுக்கறது? வேற எடம் பாத்துக்கறோம்."

பாய் மேஜைமேலிருந்த சாவியை எடுத்தார். பெல்ட்டில் மாட்டினார்.

ஆளுயர அருவாவுக்கு வடையா?

அதோடு முடிந்திருந்தால் நான் மாட்டுத்தாவணிக்குப் போயிருப்பேன். ஆனால் அரிவாள் போகவில்லை.

மழைக்காலம் நெருங்கியதால் பைப்புக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பைப் எல்லாம் அரிவாளுக்குப் பின்னால். சுமைக்காரர்கள் அதைத் தாண்டிக் கை நீட்ட மறுத்தார்கள். "சாமிய முதுகுல இடிச்சு பைப்பு எடுக்கச் சொல்றீங்களா பாய்? எங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார்கள். இரண்டு ஆணி வாங்க வந்த ஒருவர் விபூதி கேட்டார். பூக்காரம்மா தானாகவே ஒரு சரம் போட்டுவிட்டுப் போனார். வாசலில் செருப்புக் குவிந்தது. ஆனால் ஒன்றும் விற்கவில்லை. கூட்டம் நிற்கிற கடையில் வியாபாரம் நின்றுபோனது.

பாய் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் காலையில் என்னை வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு நேராக வீரணன் பட்டறைக்குப் போனார். நான் கூரை இல்லாமல் போவதைப் பற்றி யோசித்துக்கொண்டே போனேன். பாய் பைப்பைப் பற்றி யோசித்துக்கொண்டே ஓட்டினார்.

பட்டறைக்குப் பக்கத்தில், புளியமரத்துக்குக் கீழே கருப்பன் கோயில். கூரை கிடையாது. ஏகப்பட்ட அரிவாள்கள் நட்டிருந்தன.

"வீரணா, ஒங்க பொருள ஒங்க கோயில்லயே நட்டுக்க. நான் வேணாம்னா சொன்னேன்?" என்றார் பாய்.

"சும்மா நட முடியாது பாய். வேண்டுன காரியம் நடக்கணும். அப்பறம்தான் அருவா."

"அவன் ஒண்ணும் வேண்டலயே."

"உபயம்னு பேரு இருக்குல்ல? பேரு இருக்கவன் வேண்டித்தான் ஆகணும்." என் பக்கம் திரும்பினார். "வேண்டு."

"இப்பவாண்ணே?"

"வழக்கமா முன்ன வேண்டி, பின்ன அருவா வரும். ஒனக்கு அருவா முன்ன வந்துருச்சு. வேண்டிக்க. நடக்கட்டும். நட்டுர்றேன்."

"நடக்கலன்னா?" என்றார் பாய்.

"கடையிலயே நிக்கும். இரும்புக்கு என்ன அவசரம்?"

பாய்க்கு வேர்த்தது. முப்பது மைல் சுற்றளவில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கும் உலைக்கும் நடுவில் இருவரும் பேசத் தொடங்கினார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"சின்னதா ஏதாச்சும் வேண்டட்டும் வீரணா. இப்ப ஒரு டீ, ரெண்டு வடை வேணும்னு வேண்டுனான்னு வையி. நான் இங்கயே வாங்கித் தந்துர்றேன். காரியம் முடிஞ்சுபோச்சு."

"ஆளுயர அருவாவுக்கு வடையா?" வீரணனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "இம்புட்டு இரும்பு போட்டிருக்கேன். எடைக்குத் தக்கன வேண்டணும்ல? இதுக்குக் கல்யாணம், வீடு, வழக்குல ஜெயிக்கறது, இந்த மாதிரித்தான் ஒத்துவரும்."

"இவனுக்கு எவன் பொண்ணு தருவான்?"

"அப்ப வீடு."

"வீடா!" பாய் எழுந்தேவிட்டார். பிறகு உட்கார்ந்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் உலையைப் பார்த்தேன். மூச்சு விட்டால் அவர் மனது மாறிவிடுமோ என்றிருந்தது.

"ரூமுன்னா ஒத்துவருமா?" என்றார் பாய், மெதுவாக.

வீரணன் யோசித்தார். "ஓடா, தளமா?"

"ஆஸ்பெஸ்டாஸ்."

"ஜன்னலு?"

"ஒண்ணு இருக்கு."

"ஃபேன்?"

"இருக்கு. ஓடாது."

"ஓட விடுங்க. இல்லன்னா எடைக்குச் சரியா வராது."

"வாடகை?" என்றார் பாய்.

"வேண்டிக் கெடச்சதுக்கு வாடகை வாங்குனா சாமி ஒத்துக்காது பாய்."

பாய் தலையில் கை வைத்தார். தன் தொழிலில் தன்னைவிடப் பெரிய ஆளைப் பார்த்தவரின் மரியாதையும் வயிற்றெரிச்சலும் அவர் முகத்தில் சமமாக இருந்தன.

"தம்பி, நீ என்ன சொல்ற?" என்று அப்போதுதான் வீரணன் என்னைக் கேட்டார்.

"அதையே வேண்டிக்கிறேண்ணே" என்றேன். இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி சொன்னேன்.

எலெக்ட்ரீஷியன் வந்து ஃபேனைச் சரிசெய்த அன்று சாவி என் கைக்கு வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வீரணன் மேளக்காரரோடு வந்து அரிவாளை எடுத்துப்போய்ப் புளியமரத்தடியில் நட்டார். பாயும் வந்து, குழி தோண்டக் கடையிலிருந்து ஒரு புது மம்பட்டி கொடுத்தார். சாமி சாரும் வந்தார். நம்பிக்கை இல்லை, சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லி, பொங்கல் இரண்டு முறை வாங்கினார். அங்கேயே வீரணனுக்கு முன்னால் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, இடது கையை வீசிக் காட்டி, தன் முழுப்பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுத்தார். அது ஒழுங்காக வந்தது. வாழை வெட்டினார். குரூப்பும் வந்தது. அந்த ஆர்டரில் முள்வாரிதான் அதிகம்.

கோயிலிலிருந்து திரும்பும்போது பாய் வண்டியை ஓட்டிக்கொண்டே பேசினார்.

"பாண்டி, அந்த ரூமு மழைக்கு ஒழுகும். ஒழுகுச்சுன்னா எங்கிட்டச் சொல்லு. வீரணனுக்குப் போன் போட்றாத."

ஐப்பசியில் முதல் மழைக்கே ஒழுகியது. காலையில் பாயிடம் சொன்னேன். மத்தியானத்துக்குள் ஆள் ஏறிப் புதுத் தகடு மாற்றிவிட்டுப் போனான். பல ஊர்களில் பல வீடுகளில் ஒண்டியிருக்கிறேன். வீட்டுக்காரர் ஒருவர் சொன்ன அன்றே கூரையைச் சரிசெய்து பார்த்தது அந்த ஓர் இடத்தில்தான்.